பாலம் வந்தது, ஊர் வளர்ந்தது

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

தாராவியில் ஒரு அம்மா இட்லி அவித்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் பிடிக்க அவர் தினமும் ஒரு மணி நேரம் குழாயடியில் நிற்கிறார். வருடத்துக்கு 365 நாள். ஆகவே வருடத்துக்கு 365 மணி நேரம் குழாயடியில் போகிறது. ஒரு நாள் வேலை என்பது 8 மணி நேரம். 365-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 45 வரும். கொஞ்சம் மீதியும் இருக்கும்.

அந்த அம்மா வருடத்துக்கு 45 நாள் வேலையைக் குழாயடியில் செலவிடுகிறார். அந்த 45 நாளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

அவர் வீட்டுக்குள் குழாய் வந்தால் என்ன ஆகும்? அதே அம்மாதான். அதே கைதான். ஆனால் 45 நாள் மிச்சம். அந்த நேரத்தில் கூடுதலாக இட்லி அவிக்கலாம். பிள்ளையைப் படிக்க வைக்கலாம். ஓய்வும் எடுக்கலாம்.

ஒரு குழாய் இவ்வளவு செய்யும் என்றால், ஒரு பாலம் என்ன செய்யும்? ஒரு ரயில் பாதை என்ன செய்யும்? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் நெருள்.

அடிப்படை வசதி என்றால் என்ன?

சாலை, பாலம், ரயில், துறைமுகம், மின்சாரம், குடிநீர், வடிகால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. இவற்றை அடிப்படை வசதிகள் என்கிறோம். செய்தித்தாளில் இதையே ‘உள்கட்டமைப்பு’ என்று எழுதுவார்கள்.

வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, ஊருக்கு இவை அப்படி. அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கும். யார் கண்ணுக்கும் படாது. ஆனால் அது சரியில்லை என்றால் சுவர் நிற்காது.

நம் ஊர்ப் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். மேற்கே ஓடி வீணாகக் கடலில் விழுந்த தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். தேனி, மதுரைப் பக்கம் காய்ந்து கிடந்த பூமி வயலானது. மழை கூடவில்லை. மண்ணும் மாறவில்லை. தண்ணீர் வர ஒரு வழி மட்டும் கிடைத்தது. மக்கள் உழைப்புக்குப் பலன் வந்தது. இன்றும் அந்தப் பக்கத்து மக்கள் பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்.

வயலுக்குத் தண்ணீர் எப்படியோ, நகரத்துக்குப் போக்குவரத்து அப்படி. இனி மும்பைக்கு வருவோம்.

மும்பை ஏன் நெரிந்தது?

மும்பை ஒரு தீவு. விரல்போல நீண்ட தீவு. விரல் நுனி தெற்கே இருக்கிறது. கோட்டைப் பகுதி, துறைமுகம், பெரிய அலுவலகங்கள் எல்லாம் அந்த நுனியில் இருந்தன. மக்கள் வடக்கே குடியிருந்தார்கள். காலையில் எல்லா ரயிலும் கூட்டத்தோடு தெற்கே போகும். மாலையில் எல்லா ரயிலும் கூட்டத்தோடு வடக்கே வரும்.

பிழைப்புத் தேடி நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் மக்களும் அதில் உண்டு. சிலர் தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாட்டுங்காவில் ஓட்டலும் கடையும் வைத்தவர்கள் உண்டு. செம்பூரில் குடியேறியவர்களும் உண்டு. ஆள் பெருகியது. இடம் பெருகவில்லை.

தீவுக்குக் கிழக்கே ஒரு கடற்கழி இருக்கிறது. அதன் பெயர் தாணா கழி. மராத்தியில் காடி என்பார்கள். கழிக்கு அந்தப் பக்கம் பெரிய நிலப்பரப்பு இருந்தது. நெல் வயல், உப்பளம், மீனவக் கிராமங்கள். ஆக்ரி மக்களும் கோலி மக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தார்கள். நெருள் அப்படிப்பட்ட கிராமங்களில் ஒன்று.

1960களில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் பட்டேல் என்ற மூன்று பேர் ஒரு யோசனை சொன்னார்கள். அவர்கள் கட்டிடக் கலையும் பொறியியலும் படித்தவர்கள். ‘நகரத்தை மேலும் மேலும் வடக்கே நீட்ட வேண்டாம். கழியைத் தாண்டிக் கிழக்கே ஒரு புது நகரம் கட்டுவோம். வேலையும் அங்கே இருக்கட்டும், வீடும் அங்கே இருக்கட்டும்.’ இதுதான் அவர்கள் யோசனை.

மகாராஷ்டிர அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1970 மார்ச் மாதம் சிட்கோ என்ற நிறுவனத்தை உண்டாக்கியது. தமிழ்நாட்டில் தொழிற்பேட்டை நடத்தும் சிட்கோ வேறு. இது வேறு. புது நகரம் கட்டுவதுதான் இந்தச் சிட்கோவின் வேலை. அதற்காக 95 கிராமங்களைச் சேர்ந்த 344 சதுர கிலோமீட்டர் பரப்பு குறிக்கப்பட்டது. அந்த நகரம்தான் இன்று நவி மும்பை. நவி என்றால் புதிய என்று பொருள்.

வீடு இருந்தது, ரயில் இல்லை

1973-ல் வாஷிக்குச் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. பஸ்ஸும் லாரியும் கழியைத் தாண்டின. வாஷியில் வீடுகள் எழுந்தன. பிறகு நெருளிலும் வீடுகள் கட்டப்பட்டன. தெருக்களுக்குப் பெயர் வைக்காமல் ‘செக்டர்’ என்று எண் போட்டார்கள்.

ஆனாலும் ஜனங்கள் அங்கே போகத் தயங்கினார்கள். ஏன்? அந்த நாளில் தாராவியில் இரண்டு பேர் இப்படித்தான் பேசியிருப்பார்கள். ஆண்டு 1991 என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

“என்ன அண்ணாச்சி, நெருள்ல வீடு பாக்கப் போறீங்களாமே?”

“பாத்துட்டு வந்தாச்சு தம்பி. நல்ல வீடுதான். ரெண்டு அறை, தனிக் கக்கூஸ், குழாயும் உண்டு. விலையும் நமக்குக் கட்டும்.”

“பிறகு என்ன யோசனை?”

“ஒங்க மதினிதான் வேண்டாங்கா. ‘விடியக் காலைல கடைக்கு வரணும்னா எப்படி வருவீங்க? மான்கூர்டு வரைக்கும் பஸ்ஸு, அங்கன இருந்து ரயிலு. பஸ்ஸு வரலைன்னா அன்னைக்குப் பொழப்பு போச்சுல்லா?’ன்னு கேக்கா.”

“மதினி கேக்கது ஞாயந்தானே, அண்ணாச்சி.”

“ஞாயந்தான். ரயிலு வந்துட்டா ஒரு வாரத்துல குடி போயிருவேன். வரட்டும், பாப்போம்.”

அந்த மதினி பள்ளிக்கூடம் போகாதவராக இருக்கலாம். ஆனால் திட்டம் போட்டவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீடு மட்டும் இருந்தால் போதாது. வேலைக்குப் போகவும் திரும்பி வரவும் நம்பகமான வழி வேண்டும்.

1992 மே மாதம் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. கழியின் மேல் ரயில் பாலம் கட்டி முடித்திருந்தார்கள். 1993-ல் அது நெருளுக்கும் பேலாப்பூருக்கும் நீண்டது. 1998-ல் பன்வேல் வரை போனது. 2004-ல் தாணாவுக்குத் தனிப் பாதை வந்தது. 2018-ல் நெருளிலிருந்து கார்கோபர் வரை புதுப் பாதை திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது உரண் வரை எட்டியது.

இன்று நெருளில் ரயில் ஏறினால் ஏறக்குறைய அரை மணியில் செம்பூர் வந்துவிடலாம். மாட்டுங்கா போக வேண்டுமா? குர்லாவில் இறங்கி வண்டி மாறினால் சயான், அடுத்தது மாட்டுங்கா. இரண்டாம் வகுப்புக்கு மாதப் பாஸ் எடுத்தால் தினமும் போய்வரலாம். ஏழைக்கும் கட்டுப்படியாகும்.

ரயில் வந்த பிறகுதான் நெருளில் கூட்டம் சேர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்தது. கடைத்தெரு வந்தது. கோயில்கள் வந்தன. கீரை விற்பவர், துணி தேய்ப்பவர், பூக் கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாருக்கும் வாடிக்கை கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நவி மும்பை மாநகராட்சிப் பகுதியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

ரயில் பாதை போடக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ரயில்வேயிடம் அவ்வளவு பணம் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நவி மும்பை ரயில் பாதைச் செலவில் 100 ரூபாய்க்கு 67 ரூபாயைச் சிட்கோ கொடுத்தது. மீதி 33 ரூபாயை ரயில்வே போட்டது.

சிட்கோவுக்குப் பணம் ஏது? நிலம்தான்.

சேறும் புல்லுமாகக் கிடக்கும் ஒரு மனையை நினைத்துப் பாருங்கள். அங்கே போகச் சாலை இல்லை. தண்ணீர் இல்லை. அதை யார் வாங்குவார்? அதே மனைக்குப் பக்கத்தில் சாலை போடுங்கள். குழாய் கொண்டு வாருங்கள். நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம் கட்டுங்கள். இப்போது அதன் விலை பல மடங்கு ஏறிவிடும். சிட்கோ அப்படி ஏறிய விலைக்கு மனைகளைக் கொடுத்தது. அந்தப் பணத்தில் அடுத்த சாலை, அடுத்த பாலம், அடுத்த நிலையம் கட்டியது. வாஷியிலும் பேலாப்பூரிலும் ரயில் நிலையத்தின் மேலேயே பெரிய அலுவலகக் கட்டிடங்கள் நிற்கின்றன. பார்த்திருப்பீர்கள். அவையும் அந்த வழியில் வந்தவைதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அரசு சாலை போட்டால் பக்கத்து நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் பொதுப் பணத்தால் வந்தது. அது பொது வேலைக்கே திரும்பி வர வேண்டும். தனி ஆள் மட்டும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது.

நிலம் கொடுத்தவர்கள்

இங்கே ஒரு கேள்வி வருகிறது. விலை ஏறிய நிலம் முதலில் யாருடையது?

அது ஆக்ரி, கோலி மக்களின் வயல். அவர்களின் உப்பளம். வயல் போனதும் அவர்கள் தொழில் போனது. கழியில் மண் நிரப்பியதால் மீன்பிடிப்பும் குறைந்தது. கிடைத்த நஷ்ட ஈடு போதவில்லை என்று அவர்கள் எதிர்த்து நின்றார்கள். டி. பி. பாட்டீல் என்ற தலைவர் அவர்களை ஒன்று சேர்த்தார்.

1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் பக்கத்தில் பெரிய போராட்டம் நடந்தது. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த ஐந்து உயிர்கள் வீண் போகவில்லை. பிற்பாடு ஒரு திட்டம் வந்தது. எடுத்த நிலத்தில் 12.5 சதவீத அளவுக்கு, சாலையும் குழாயும் போட்ட மனையை நிலம் கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும். நூறு சென்ட் கொடுத்தவருக்குப் பன்னிரண்டரை சென்ட். ஊர் வளர்ந்த பலனில் அவருக்கும் ஒரு பங்கு. 2021-லும் அந்த மக்கள் திரண்டார்கள். புது விமான நிலையத்துக்குப் பாட்டீலின் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுச் சாலையில் கைகோர்த்து நின்றார்கள்.

அந்த நாளில் நிலம் எடுக்க இருந்த சட்டம் 1894-ல் ஆங்கிலேயர் போட்டது. அதை மாற்றி 2013-ல் புதுச் சட்டம் வந்தது. நிலத்துக்குச் சந்தை விலையை விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நகரத்தில் இரண்டு மடங்கு. கிராமத்தில் நான்கு மடங்கு வரை. மறுகுடியமர்த்தவும் வேண்டும்.

இன்றும் நெருள் ரயில் நிலையத்துக்கு அருகே பழைய நெருள் கிராமம் இருக்கிறது. செக்டர்களுக்கு நடுவே குறுகிய தெருக்கள், பழைய வீடுகள். புது ஊருக்கு மண் கொடுத்த ஊர் அது.

தண்ணீர் வரும் வழி, தண்ணீர் போகும் வழி

ரயிலைப் பற்றிப் பேசினோம். கண்ணுக்குப் படாத வசதிகளும் உண்டு.

நவி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாக ஓர் அணை இருக்கிறது. அதன் பெயர் மோர்பே அணை. அது ராய்கட் மாவட்டத்தில் காலாப்பூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கே மழைத் தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்து, குழாய் வழியாக நகரத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாநகராட்சி தனக்கென்று அணை வைத்திருப்பது அபூர்வம்.

தண்ணீர் வருவது ஒரு பாதி. தண்ணீர் போவது மறு பாதி.

நெருளின் ஒரு பகுதி தாழ்ந்த நிலம். கழி ஓரம். கடல் ஏறும் நேரத்தில் பெரிய மழை பெய்தால் வெள்ளம் வடிய வழி இருக்காது. கடல் தண்ணீரும் உள்ளே வந்துவிடும். இதற்காகக் கழி ஓரத்தில் பெரிய குளங்கள் வெட்டினார்கள். கடல் ஏறும்போது குளத்தின் மதகு மூடிக்கொள்ளும். மழைத் தண்ணீர் குளத்தில் தங்கும். கடல் வற்றும்போது மதகு திறக்கும். தண்ணீர் கழிக்குள் வடிந்துவிடும். கடலை விடத் தாழ்ந்த நிலத்தில் வாழும் ஹாலந்து நாட்டு மக்களிடமிருந்து கற்றுக்கொண்ட முறை இது. குளத்தில் மண் சேர்ந்தால் தூர் வார வேண்டும். இல்லாவிட்டால் பயன் இல்லை.

வடிகால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவி ஓரமாக ஓடும் மிட்டி ஆறு கரை புரண்டது. ஆற்றை நெருக்கிக் கட்டிடம் கட்டியிருந்தார்கள். குப்பையும் அடைத்திருந்தது. வீட்டில் இருந்த அரிசி, துணி, தையல் மெஷின் எல்லாம் நாசமாயின. பல பேர் உயிர் இழந்தார்கள்.

ஆகவே கட்டுவது மட்டும் வளர்ச்சி ஆகாது. தண்ணீரின் வழியை அடைக்காமல் கட்ட வேண்டும். நெருளில் ஓர் ஏரிக்கு வருடா வருடம் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வரும். நீண்ட கால், ரோஜா நிறச் சிறகு. 2024-ல் ஏரிக்குக் கழித் தண்ணீர் வரும் வழி அடைபட்டது. ஏரி வறண்டது. பறவைகள் செத்தன. ஊர் மக்கள் குரல் கொடுத்த பிறகு 2025-ல் அந்த ஏரியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்க அரசு முடிவெடுத்தது.

வேலை எப்படி வந்தது?

வசதி வந்தால் தொழில் தேடி வரும். நவி மும்பையில் அது மூன்று வழியில் வந்தது.

ஒன்று, சந்தை. முன்பு மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் நெரிசலான பழைய தெருக்களில் இருந்தன. லாரி உள்ளே போக முடியாமல் நிற்கும். 1980களிலும் 90களிலும் வெங்காயம், உருளை, தானியம், பழம், காய்கறிச் சந்தைகள் வாஷிக்கு மாறின. இன்று மாட்டுங்காவில் நீங்கள் வாங்கும் வெங்காயம் வாஷிச் சந்தையைத் தாண்டி வந்திருக்கலாம். அங்கே மூட்டை சுமப்பவர்களை மாத்தாடித் தொழிலாளர்கள் என்பார்கள். அவர்களைப் பாதுகாக்க 1969-லேயே மகாராஷ்டிரத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

இரண்டு, துறைமுகம். 1989-ல் உரண் பக்கம் நவா சேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. சரக்கை இரும்புப் பெட்டகத்தில் அடைத்துக் கப்பலில் ஏற்றும் பெரிய துறைமுகங்களில் அது ஒன்று. தாராவியில் தைத்த ஒரு தோல் பை அந்த வழியாக வெளிநாட்டுக்குப் போகலாம். நல்ல சாலையும் துறைமுகமும் இருந்தால் சிறு தொழிலாளியின் சரக்கும் கடல் தாண்டும்.

மூன்று, அலுவலகம். தாணா – பேலாப்பூர் சாலையில் 1960களிலிருந்தே தொழிற்சாலைகள் இருந்தன. பிறகு கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வந்தன. ஆனால் ஒன்று நடக்கவில்லை. மாநிலத் தலைமைச் செயலகம் புது நகரத்துக்கு மாறும் என்று யோசனை சொன்னவர்கள் எதிர்பார்த்தார்கள். அது மும்பையின் தெற்கு நுனியிலேயே தங்கிவிட்டது. அதனால் இன்றும் லட்சக்கணக்கான பேர் காலையில் நவி மும்பையிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு மும்பைக்குப் போகிறார்கள். வேலையும் வீடும் ஒரே இடத்தில் என்ற எண்ணம் பாதிதான் நிறைவேறியது.

எல்லாருக்கும் எட்டியதா?

2024 ஜனவரி 12-ல் அடல் சேது என்ற பாலம் திறக்கப்பட்டது. மும்பையில் சிவ்ரியிலிருந்து நவா சேவாப் பக்கம் போகிறது. நீளம் 21.8 கிலோமீட்டர். அதில் 16.5 கிலோமீட்டர் கடல் மேல். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அதில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. காருக்குச் சுங்கம் உண்டு. மாதப் பாஸ் வைத்திருக்கும் தொழிலாளிக்கு இன்றும் பழைய ரயில் பாலம்தான் துணை.

2025 டிசம்பரில் பன்வேல் பக்கம் புதிய விமான நிலையத்தில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. வேலைகள் வரும். கூடவே வீட்டு வாடகையும் ஏறும். நவி மும்பையில் துர்பே, திகா பக்கம் குடிசைப் பகுதிகளும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள்தான் மற்ற வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், கட்டிடம் கட்டுகிறார்கள். நகரத்தைக் கட்டியவருக்கே நகரத்தில் இடம் இல்லை என்றால் அந்த வளர்ச்சி நொண்டி நடக்கும்.

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

1. இது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்தும்?
2. இதற்கு யார் எதை இழக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன கிடைக்கும்?
3. கட்டிய பிறகு இதை யார் பராமரிப்பார்?

எழுத்து தெரிந்தவர் என்ன செய்யலாம்?

தாராவியிலும் இப்போது மறுசீரமைப்புத் திட்டம் நடக்கிறது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. எந்தக் காலம் முதல் குடியிருக்கிறார் என்பதற்குத் தாள் காட்ட வேண்டியிருக்கிறது. மின் கட்டண ரசீது, வாக்காளர் அட்டை, பழைய ரேஷன் அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். புரியாவிட்டால் படித்தவரிடம் கேளுங்கள். கைநாட்டு வைத்த காலத்தில் நிலம் இழந்தவர்கள் பல பேர்.

2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அரசு அலுவலகத்தில் உள்ள விவரத்தை யாரும் எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மும்பையில் மனுவை மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். தமிழில் யோசித்து எழுதிக்கொண்டு, பிள்ளைகளைக் கொண்டு மராத்தியில் மாற்றி எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

மாதிரி மனு:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், நெருள் வார்டு அலுவலகம், நவி மும்பை மாநகராட்சி.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் தகவல் கேட்டல்.

ஐயா / அம்மா,
எங்கள் தெருவில் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. கீழ்க்கண்ட தகவல்களைத் தர வேண்டுகிறேன்.
1. இந்த வேலைக்கு எந்தத் தேதியில் உத்தரவு கொடுக்கப்பட்டது?
2. மொத்தச் செலவு எவ்வளவு? இதுவரை எவ்வளவு கொடுக்கப்பட்டது?
3. வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்?
இப்படிக்கு,
(பெயர், முகவரி, கையெழுத்து, தேதி)

நாலு வரி மனுதான். ஆனால் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் நின்ற வேலை நகரும்.

நினைவில் கொள்வோம்

• அடிப்படை வசதி உழைப்பாளியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மிச்சமான நேரம் வருமானம் ஆகிறது.
• வீடு மட்டும் ஊர் ஆகாது. 1992, 1993-ல் ரயில் வந்த பிறகே வாஷியும் நெருளும் வேகமாக வளர்ந்தன.
• சாலையும் ரயிலும் நிலத்தின் விலையை ஏற்றுகின்றன. அந்தப் பலனில் நிலம் கொடுத்தவருக்கும் பங்கு வேண்டும்.
• தண்ணீர் வரவும் வழி வேண்டும், போகவும் வழி வேண்டும்.

புதிய சொற்கள்

உள்கட்டமைப்பு – சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற அடிப்படை வசதிகள்
கடற்கழி – நிலத்துக்குள் நுழைந்த கடல் நீர்
மதகு – தண்ணீரைத் திறக்கவும் மூடவும் வைத்த கதவு
நஷ்ட ஈடு – இழந்த பொருளுக்குக் கொடுக்கும் பணம்
பெட்டகம் – கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி
சுங்கம் – சாலையிலும் பாலத்திலும் வாங்கும் கட்டணம்

பதில் எழுதுங்கள்

1. வாஷிக்குச் சாலைப் பாலம் எந்த ஆண்டில் வந்தது? ரயில் எந்த ஆண்டில் வந்தது? இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டு?
2. ரயில் பாதைச் செலவு 1,000 ரூபாய் என்றால் சிட்கோவின் பங்கு எவ்வளவு?
3. கடல் ஏறும்போது குளத்து மதகு ஏன் மூட வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவுக்கு உடனே வேண்டிய வசதி எது? அது இல்லாததால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது? வருடத்துக்கு எத்தனை வேலை நாள்? கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை நகரசேவகர் தெருவுக்கு வரும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.